உவமையைச் சிந்தனைக் கருவியாகக் கற்பிக்க வேண்டி: மொரீசியஸ் தமிழ்ப் பாடநூல் ஆக்குவோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பாடநூல்களை ஆக்கும் பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கும், தொடக்கப் பள்ளிகளிலும் கோவில் வளாகங்களில் நடக்கும் வார இறுதி வகுப்புகளிலும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

வார நாள்களில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியலும், சனிக்கிழமைகளில் ரோஸ் ஹில்லில் தமிழும் கற்பிக்கிறவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நான் கேட்க விரும்புவது ஒன்றே. நம் பாடநூல்களில் செய்யுள் நலத்தின் ஒரு பகுதியாக மட்டும் இடம்பெறும் உவமையை, முன்பின் பார்த்திராத ஒரு சிக்கலை எதிர்கொள்ளும்போது மனிதர் கையாளும் சிந்தனை முறையாகவும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இடம் ஒதுக்க வேண்டும். தமிழ் வகுப்பில் இதைச் செய்வது பொருத்தமா என்று சிலர் ஐயுறலாம். அறிவியல் வகுப்பைவிடத் தமிழ் வகுப்பே இதற்கு ஏற்ற இடம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையே கீழே விரிக்கிறேன்.

இன்று உவமைப் பாடம் எப்படி நடக்கிறது என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். ‘மலர் போன்ற முகம்’ என்று கரும்பலகையில் எழுதுகிறோம். மலர் உவமானம், முகம் உவமேயம், ‘போன்ற’ உவம உருபு, மென்மை பொதுத்தன்மை என்று பிரித்துக் காட்டுகிறோம். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், தேர்வில் உருபை அடையாளம் கண்டு அடிக்கோடிட்டு மதிப்பெண் பெறுகிறார்கள். இந்தப் பயிற்சி தேவையானதுதான். ஆனால் பாடம் முடிந்த கையோடு உவமை பிள்ளையின் மனத்தைவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த மணியில் கணக்கு ஒன்றில் திணறும்போது, ‘இதைப் போன்ற ஒன்றை முன்பு எங்கே பார்த்தேன், அங்கே என்ன செய்தேன்’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அந்தப் பாடத்திலிருந்து அதற்குக் கிடைப்பதில்லை.

அந்தப் பழக்கம் தானாக வந்துவிடும் என்று நாம் நம்பியிருக்க முடியாது என்பதற்கு உளவியல் ஆய்வில் தெளிவான சான்று இருக்கிறது. கார்ல் டங்கர் என்ற செருமானிய உளவியலாளர் 1930களில் ஒரு சிக்கலை மக்கள் முன் வைத்து அவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று கவனித்தார். ஒருவருடைய வயிற்றில் கட்டி இருக்கிறது. அறுவை செய்ய இயலாது. ஒருவகைக் கதிரைப் போதிய வலுவுடன் செலுத்தினால் கட்டி அழியும். ஆனால் அதே வலுவுடன் செல்லும் கதிர் வழியிலுள்ள நல்ல தசையையும் அழித்துவிடும். வலுவைக் குறைத்தாலோ தசை பிழைக்கும், கட்டியும் பிழைத்துக்கொள்ளும். விடை என்னவென்றால், வலுக் குறைந்த கதிர்கள் பலவற்றைப் பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் செலுத்தி, அவை கட்டியில் மட்டும் வந்து கூடுமாறு செய்வது. எந்த உதவியும் இல்லாமல் இந்த விடையைக் காண்பவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே.

மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் இதே சிக்கலை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கதையைப் படிக்கச் செய்தார்கள். ஒரு கொடுங்கோலனின் கோட்டை நாட்டின் நடுவில் இருக்கிறது. அதை நோக்கிப் பல சாலைகள் செல்கின்றன. எல்லாச் சாலைகளிலும் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டுள்ளன. சிறு கூட்டம் நடந்தால் வெடிக்காது, பெரும்படை நடந்தால் வெடிக்கும். படைத்தலைவன் தன் படையைச் சிறு சிறு பிரிவுகளாக்கி ஒவ்வொரு சாலையிலும் ஒன்றை அனுப்பி, எல்லாரும் ஒரே நேரத்தில் கோட்டையில் கூடும்படி செய்து வெல்கிறான். கட்டிக்கான விடை இந்தக் கதைக்குள் முழுமையாக இருக்கிறது. ஆயினும் கதையைப் படித்த கையோடு சிக்கலைப் பெற்றவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர்தாம் தாமாக அதைப் பயன்படுத்தினர். ‘நீங்கள் படித்த கதை உங்களுக்கு உதவக்கூடும்’ என்று ஒரே ஒரு வரி சொன்னதும் விடை கண்டவர்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காக உயர்ந்தனர்.

ஆசிரியர்களாகிய நாம் இந்த முடிவை ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மாணவர்களுக்குக் கதை புரியாமல் இல்லை, மறந்துபோகவும் இல்லை. ஒப்பிடும் ஆற்றலும் அவர்களிடம் இருந்தது. இல்லையென்றால் அந்த ஒரு வரி எந்த மாற்றத்தையும் செய்திருக்காது. அவர்களிடம் இல்லாதது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நினைவு. தெரிந்ததைத் தெரியாததன் அருகில் கொண்டுவந்து வைக்கும் அந்த முதல் அடிதான் கடினமானது. நம் வகுப்புகளில் அந்த அடியை எப்போதும் ஆசிரியரே எடுத்து வைத்துவிடுகிறார். ‘போன ஆண்டு படித்த கணக்கைப் போன்றது இது’ என்று சொல்லிவிட்டுத்தான் கணக்கையே தருகிறோம். பள்ளியை விட்டு வெளியே வந்தபின் அந்த வரியைச் சொல்ல யாரும் உடன் வரப்போவதில்லை.

அந்த முதல் அடி ஏன் அவ்வளவு கடினம்? கோட்டைக்கும் வயிற்றிலுள்ள கட்டிக்கும் பார்வைக்கு எந்த ஒற்றுமையும் இல்லை. ஒன்று போர்க்கதை, மற்றொன்று மருத்துவம். நினைவோ பெரும்பாலும் தோற்றத்தைக் கொண்டே தேடுகிறது. இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, தொடக்க நிலை மாணவர்கள் சாய்தளம் வரும் கணக்குகளை ஒரு குவியலாகவும் சுருள்வில் வரும் கணக்குகளை மற்றொரு குவியலாகவும் வைத்ததையும், தேர்ந்தவர்கள் ஆற்றல் அழியாமை போன்ற விதிகளை வைத்தே குவியல்களைப் பிரித்ததையும் 1981இல் மிஷெலின் சீயும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தேர்ச்சி என்பது பெரும் பகுதி இதுதான்: எதை எதனோடு சேர்த்து வைப்பது என்று தெரிந்திருப்பது. டெட்ரி ஜென்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் இதற்கு ஒரு கோட்பாட்டை வகுத்தார். நல்ல ஒப்புமை பொருள்களின் தனித்தனிப் பண்புகளைப் பொருத்துவதில்லை. பொருள்களுக்கு இடையே உள்ள உறவுகளைப் பொருத்துகிறது என்பது அதன் சாரம். கோட்டையும் கட்டியும் நிறத்தாலோ வடிவத்தாலோ ஒத்தவை அல்ல. ‘நடுவில் அழிக்க வேண்டிய ஒன்று, சுற்றிலும் காக்க வேண்டிய ஒன்று, பெரிதாகச் சென்றால் கேடு’ என்ற அமைப்பால் ஒத்தவை.

இங்கேதான் தமிழாசிரியர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை தோன்றும் நிலைகளை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். ‘துடி போன்ற இடை’ மெய்யுவமம். ‘பவளம் போன்ற வாய்’ உருவுவமம். இவை இரண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமைகள். ‘புலி போலப் பாய்ந்தான்’ என்பது வினையுவமம். அங்கே ஒத்திருப்பது செயல். ‘மாரியன்ன வண்கை’ என்பது பயனுவமம். கொடையாளியின் கைக்கும் மழைக்கும் தோற்றத்தில் ஒன்றும் பொருத்தமில்லை. மழைக்கும் வறண்ட நிலத்துக்கும் உள்ள உறவு, அந்தக் கைக்கும் வறியவருக்கும் உள்ள உறவோடு பொருந்துகிறது. தொல்காப்பியர் உளவியல் ஆய்வு நடத்தினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவருக்கும் பெருமை அல்ல, ஆய்வாளர்களுக்கும் நேர்மை செய்வதாகாது. நான் சொல்வது இவ்வளவே: தோற்ற ஒற்றுமையையும் செயல், பயன் ஒற்றுமையையும் வேறு வேறாகப் பார்க்கும் ஒரு பாகுபாடு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கற்பிக்கும் உரிமையும் கடமையும் உள்ள ஆசிரியர்கள் நாம். ஆனால் தொடக்க வகுப்புகளில் நாம் தரும் எடுத்துக்காட்டுகளில் மிகப் பெரும்பாலானவை மெய்யும் உருவுமாகவே இருக்கின்றன. எது எளிதோ அதிலேயே நின்றுவிடுகிறோம்; எது சிந்தனையை வளர்க்குமோ அதற்குப் போவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

மேலே குறித்த இரு ஆய்வாளர்களும் 1983இல் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு கதைக்குப் பதிலாக, ஒரே அமைப்புடைய இரண்டு கதைகளைக் கொடுத்து, அவை எவ்வகையில் ஒத்திருக்கின்றன என்று எழுதச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்கள், ஒரு கதையை மட்டும் படித்தவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டனர். அதிலும் இரு கதைகளின் பொது அமைப்பைத் தம் சொற்களில் நன்றாக எழுதியவர்களே புதிய சிக்கலையும் நன்றாகத் தீர்த்தனர். ஒரு கதை கதையாகவே நினைவில் தங்குகிறது. இரண்டை அருகருகே வைத்து ஒத்ததைச் சொல்லும்போது, கதை உதிர்ந்து அமைப்பு மட்டும் தங்குகிறது. என் முழு வேண்டுகோளும் இந்த ஒரு முடிவின்மீதுதான் நிற்கிறது. ஏனென்றால், இரண்டைப் படித்து ஒத்ததைத் தன் சொல்லில் சொல்வது என்பது மொழி வகுப்பின் வேலை.

இதை என் வகுப்பில் செய்து பார்த்தேன். பத்து முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகள். வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் புழங்குகிறவர்கள். தமிழில் நான்கைந்து சொல் வாக்கியத்தை அமைக்கத் தெரிந்தவர்கள். கரும்பலகையின் இடப்பக்கம் கோட்டையையும் அதை நோக்கி வரும் சாலைகளையும் வரைந்தேன். வலப்பக்கம் எரியும் எண்ணெய்க் கிணற்றையும், ஒரு பெரிய குழாய் கிடைக்காததால் சுற்றி நின்று சிறு குழாய்களால் ஒரே நேரத்தில் தீயை அணைக்கும் வீரர்களையும் வரைந்தேன். இரண்டிலும் ஒன்றாக இருப்பது என்ன என்று கேட்டேன். ‘இரண்டிலும் ஆண்கள் இருக்கிறார்கள்’ என்றான் ஒரு பையன். ‘இரண்டும் சண்டை’ என்றான் மற்றொருவன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு சிறுமி எழுந்து வந்து, சுண்ணக்கட்டியை வாங்கி, இரண்டு படங்களுக்கும் கீழே ஒரே மாதிரி ஒரு வட்டத்தை வரைந்து, வெளியிலிருந்து அம்புக்குறிகளை அதன் நடுப்புள்ளிக்கு இழுத்தாள். முதலில் கிரியோலில் விளக்கினாள். தமிழில் சொல்லம்மா என்றதும் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: ‘பெரியது ஒன்று போக முடியாது. சின்னது பல போகும். எல்லாம் நடுவில் சேரும்.’

அந்த மூன்று வாக்கியங்களில் கோட்டையும் இல்லை, கிணறும் இல்லை. அவற்றைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டுக் கட்டியின் சிக்கலைச் சொன்னேன். கதைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிள்ளைகளில் பலர் அந்த வாக்கியங்களைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விடை வந்தது. என் வகுப்பு ஓர் ஆய்வுக்கூடம் அன்று. அதைச் சான்றாக உங்கள் முன் வைக்கவில்லை. ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். அந்தச் சிறுமி பேசிய தமிழ், ‘என் பெயர்’, ‘என் வீடு’ என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் தமிழ் அன்று. தான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்வதற்காகத் தேடிச் சேர்த்த தமிழ். வீட்டில் தமிழ் கேட்காத பிள்ளைகளுக்கு நாம் இலக்கணத்தைத் தருகிறோம், சொற்களைத் தருகிறோம். சொல்வதற்கு ஒரு செய்தியைத் தருவது அரிதாகவே நடக்கிறது.

கிரியோலில் முதலில் சிந்தித்ததைக் குறையாக எண்ண வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புமையைக் காணும் வேலை கனமானது. அந்த நேரத்தில் மொழியையும் சேர்த்துச் சுமக்கச் சொன்னால் பிள்ளை இரண்டையும் கீழே போட்டுவிடும். முதலில் எந்த மொழியிலாவது காணட்டும். கண்டதைத் தமிழில் சொல்லட்டும்.

இனி எடுத்துக்காட்டுகளைப் பற்றி. எதனோடு ஒப்பிடுகிறோமோ அது பிள்ளைக்கு நன்கு தெரிந்ததாக இருக்க வேண்டும். இது எளிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம் பாடநூல்களில் வரும் புலியும் யானையும் தாமரைக்குளமும் இந்தத் தீவில் வளரும் பிள்ளையின் கண்முன் இல்லாதவை. செய்யுளில் அவை இருக்கட்டும். இலக்கியம் அவற்றோடுதான் வரும். சிந்தனைப் பயிற்சிக்கோ கரும்புத் தோட்டமும், பவளத்திட்டால் சூழப்பட்ட கடலும், சூறாவளி எச்சரிக்கையும் வேண்டும். கெவின் டன்பர் என்ற உளவியலாளர் 1990களில் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று, அறிவியலாளர்கள் தங்கள் வாராந்தரக் கூட்டங்களில் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தார். சிக்கலைத் தீர்க்க அவர்கள் கையாண்ட ஒப்புமைகளில் மிகப் பெரும்பாலானவை தொலைவிலிருந்து வந்தவை அல்ல. அதே உயிரினத்திலிருந்தோ அதற்கு நெருங்கிய உயிரினத்திலிருந்தோ வந்தவை. பெரிய கண்டுபிடிப்பு என்றால் எங்கோ வானத்திலிருந்து வரும் ஒப்புமை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது சரியன்று. அருகில் இருப்பதை ஆழமாகத் தெரிந்து வைத்திருப்பதே பெரிதும் உதவுகிறது.

இதற்கு நம் தீவிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதை எந்தப் பாடநூலிலும் சேர்க்கலாம். 2020 ஜூலை 25 அன்று ‘வகாஷியோ’ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையில் புவாண்ட் தெஸ்னிக்கு அருகே பவளத்திட்டில் மோதி நின்றது. ஆகஸ்டு தொடக்கத்தில் அதிலிருந்து எரிஎண்ணெய் கசியத் தொடங்கி, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைகள் போதிய அளவில் கைவசம் இல்லை. மஹேபூர்க் கடற்கரையில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடினார்கள். காய்ந்த கரும்புத் தோகையை நீளமான துணி உறைகளில் அடைத்து, தைத்து, மிதப்பதற்காகக் காலி நெகிழிப் புட்டிகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றைக் கடலில் இறக்கினார்கள். தலைமுடியும் எண்ணெயை உறிஞ்சும் என்று அறிந்து பலர் தங்கள் முடியை வெட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தோகை மிதவைகளை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தொழிற்சாலையில் செய்த மிதவைக்கும் அவற்றுக்கும் தோற்றத்தில் பெரிய ஒற்றுமை இல்லை. மேடும் பள்ளமுமாக, கோணலாக, தையல் விட்ட இடங்களில் தோகை நீட்டிக்கொண்டு கிடந்தன. மக்கள் பார்த்தது வடிவத்தை அன்று. தடுப்பு மிதவை என்ன செய்கிறது? மிதக்கிறது, வழியை மறிக்கிறது, எண்ணெயைப் பற்றிக்கொள்கிறது. நம்மிடம் இருப்பவற்றில் இவற்றைச் செய்யக்கூடியது எது? வினையும் பயனும் கொண்டு ஒப்பிட்டார்கள். ‘மலர் போன்ற முகம்’ இருக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இந்தத் தோகை மிதவையின் படத்தை அச்சிட்டு, ‘இது எந்த வகையில் அதைப் போன்றது’ என்று கேட்டால், நான்கு வகை உவமையும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடும்.

வகுப்பிலேயே செய்து காட்டக்கூடிய மற்றொன்று. 1816இல் பாரிசில் ரெனே லேனெக் என்ற மருத்துவர், நோயாளி ஒருவரின் மார்பில் காதை வைத்துக் கேட்க இயலாத நிலையில், நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பதை நினைத்தார். தாள்களை உருளையாகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். இதயத்துடிப்பு முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டது. மருத்துவர் கழுத்தில் தொங்கும் கருவி அங்கிருந்து பிறந்தது. வகுப்பிலுள்ள நீண்ட மரப் பெஞ்சில் ஒரு பிள்ளை காதை வைக்கட்டும். மறுமுனையில் இன்னொரு பிள்ளை குண்டூசியால் மெல்லக் கீறட்டும். பிறகு தாளைச் சுருட்டிக் கையில் கொடுங்கள். ‘அங்கே மரம், இங்கே தாள், அங்கே ஊசி, இங்கே இதயம்’ என்று பிள்ளைகள் தாமே இணை சேர்ப்பார்கள்.

ஒப்புமையைக் கற்பிக்கும்போது அது எங்கே முறிகிறது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். இதில் எந்தத் தளர்வும் கூடாது என்று கருதுகிறேன். ஒலி அலையாகச் செல்வதைப் போல ஒளியும் அலையாகச் செல்கிறது என்ற ஒப்புமை அறிவியலுக்குப் பெரும் பயன் தந்தது. ஆனால் ஒலி செல்லக் காற்றோ வேறு பொருளோ வேண்டும் என்பதால், ஒளி செல்லவும் விண்வெளி முழுதும் ஏதோ ஒரு பொருள் நிறைந்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1887இல் மைக்கேல்சனும் மோர்லியும் மிக நுட்பமான சோதனையில் அப்பொருளின் தடத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஒப்புமை கொடுத்ததை ஏற்றுக்கொண்டவர்கள், அது கொடுக்காததையும் சேர்த்து ஏற்றுக்கொண்டிருந்தார்கள். உயர் வகுப்புகளில் மின்சாரத்துக்கும் இது பொருந்தும். மின்னோட்டத்தைக் குழாயில் ஓடும் நீராக எண்ணியவர்கள் மின்கலங்களைப் பற்றிய கணக்குகளையும், நெருக்கியடித்து வாயில் வழியே செல்லும் கூட்டமாக எண்ணியவர்கள் மின்தடைகளைப் பற்றிய கணக்குகளையும் நன்றாகச் செய்ததை 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் வெளிச்சம் தருகிறது, ஓர் இடத்தில் மறைக்கிறது.

நமக்கு இது உயிர் காக்கும் பாடமும்கூட. சூறாவளியை அறிந்த மக்கள் நாம். எச்சரிக்கை வந்தால் உறுதியான கட்டடத்துக்குள் போய்க் கதவையும் பலகணியையும் அடைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிசில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் உயிரிழந்தனர்; அவர்களில் பலர் நிலத்தடி நடைபாதையிலும் நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் சிக்கியவர்கள். அவர்கள் என்ன எண்ணினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது; நானும் சொல்லவில்லை. ஆனால் சூறாவளிக்குக் கற்ற பாடம் வெள்ளத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டும் வானிலையின் சீற்றம். இரண்டிலும் மழை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காற்றுக்கு உள்ளே போக வேண்டும். பெருகும் நீருக்கு மேலே போக வேண்டும். ‘எந்த வகையில் ஒத்தது’ என்ற கேள்விக்குக் கீழே ‘எந்த வகையில் ஒவ்வாதது’ என்ற கேள்வியும் பாடநூலில் கட்டாயம் அச்சாக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கற்பிக்கும் முறையிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்கா, ஹாங்காங், ஜப்பான் ஆகிய இடங்களின் கணித வகுப்புகளைப் படம்பிடித்த பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. எல்லா இடங்களிலும் ஆசிரியர்கள் ஒப்புமைகளைத் தாராளமாகப் பயன்படுத்தினர். ஆனால் ஹாங்காங், ஜப்பான் ஆசிரியர்கள் முதலில் தெரிந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் அழிக்காமல் வைத்திருந்து, புதியதை அதன் அருகிலேயே எழுதி, இரண்டுக்கும் இடையே கையசைத்து எது எதற்கு இணை என்று காட்டுவதை அடிக்கடி செய்தனர். அமெரிக்க வகுப்புகளில் அந்தத் துணை குறைவாக இருந்தது. இது பணம் கேட்காத சீர்திருத்தம். முதல் படத்தை அழிக்காதீர்கள். இரண்டாவதை அதன் பக்கத்தில் வரையுங்கள். கையை நீட்டிக் காட்டுங்கள்.

நேரம் இல்லை என்பதே இதற்கு முதலில் எழும் மறுப்பாக இருக்கும். வாரத்தில் தமிழுக்குக் கிடைக்கும் மணிகள் குறைவு. ஆறாம் வகுப்பு முடிவில் தேர்வு காத்திருக்கிறது. பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். இதையெல்லாம் அறிந்தே எழுதுகிறேன். புதிய பாடம் எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் உவமைப் பாடத்தில், ஒரே அமைப்புடைய இரண்டு சிறுகதைகளை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, கீழே மூன்று வாக்கியங்களுக்கு இடம் விட்டால் போதும். அதற்குச் சில பாடங்கள் தள்ளி, வேறு தலைப்பின்கீழ், அதே அமைப்புடைய ஒரு சிக்கலை எந்தக் குறிப்பும் இல்லாமல் வைக்க வேண்டும். அது முதற்கதைகளோடு அடுத்தடுத்த பக்கத்தில் இருந்தால் பிள்ளை தேட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும். தள்ளி இருப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். பிள்ளைகளின் தமிழ் போதாது என்ற மறுப்புக்கு, அந்தச் சிறுமியின் மூன்று வாக்கியங்களையே விடையாக வைக்கிறேன். அவற்றில் அவள் புதிதாகக் கற்க வேண்டியிருந்த சொல் ஒன்றுகூட இல்லை.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். உருபை அடிக்கோடிடும் வினாவுக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியையாவது, ஒத்ததையும் ஒவ்வாததையும் ஒவ்வொரு வாக்கியத்தில் எழுதும் வினாவுக்கு மாற்ற வேண்டுகிறேன். தேர்வில் வராததை வகுப்பில் நடத்த எந்த ஆசிரியருக்கும் துணிவு வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. விடை ஒன்றாக இருக்காது என்பதால் திருத்துவது கடினம் என்பார்கள். மூன்று ஆசிரியர்கள் அமர்ந்து ஒரு மாலையில் இருபது விடைத்தாள்களைத் திருத்திப் பார்த்தால் அளவுகோல் தெளிவாகிவிடும் என்று நம்புகிறேன். அப்படி ஒரு மாலைக்கு அழைத்தால் நான் வருகிறேன்.

கோட்டைக் கதை, எண்ணெய்க் கிணற்றுக் கதை, தோகை மிதவை, மரப் பெஞ்சுச் சோதனை ஆகியவற்றை எளிய தமிழில், நான்காம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்புக்கான பணி தொடங்குமுன் அவற்றைக் குழுவின் பார்வைக்கு அனுப்ப இசைவு தாருங்கள். வார இறுதி வகுப்பு ஆசிரியர்கள் யார் கேட்டாலும் உடனே அனுப்புகிறேன். அடுத்த பருவத்தில் ஒரு வகுப்பிலாவது நடத்திப் பார்த்து, பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களை அப்படியே, பிழை திருத்தாமல், எனக்கும் அனுப்பும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்